பி.காம். மூன்றாம் ஆண்டு, 193 செ.மீ.: ஜெர்மனி கிளப்பா, ரயில்வேயா?

கோரிப்பாளையம்:
தெரிந்த பையன் ஒருவனுக்காகக் கேட்கிறேன். மதுரையில் பி.காம். மூன்றாம் வருஷம், வயது 21. செருப்பில்லாமல் 193 செ.மீ. கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் சென்டர் (கூடைக்குக் கீழே ஆடும் உயரமான ஆள்). காமராசர் பல்கலைக்கழக அணியில் இரண்டு வருஷம், மாநில அணியில் ஒரு தடவை. இப்போது இரண்டு வழி முன்னால் இருக்கு. ஒன்று, ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா ட்ரையல்ஸ். இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் வந்த ஒரு ஏஜென்ட். 1,800 யூரோ கட்டினால் ஜெர்மனியில் பத்து நாள் கேம்ப், பிடித்துப்போனால் அங்கேயே நாலாவது டிவிஷன் கிளப்பில் ஒப்பந்தம், மாசம் 700 யூரோ, தங்க இடம் இலவசம் என்கிறார். பையனோட அப்பா கடன் வாங்கத் தயாராக இருக்கார். சண்டை போடாமல் வழி சொல்லுங்க.

விசில்:
சண்டை இல்லாம பாஸ்கெட்பால் பேச்சா! சரி தம்பி, முதல்ல அந்த 1,800 யூரோவக் கட்ட வேணாம்னு அப்பாகிட்டச் சொல்லுங்க. ஃபிபா (உலக பாஸ்கெட்பால் சம்மேளனம்) லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் யார் யாருன்னு ஃபிபா இணையதளத்திலயே பட்டியல் இருக்கு. ஏஜென்ட்டுக்கு வருமானம் ஒப்பந்தம் ஆன பிறகு சம்பளத்துல சதவீதமாத்தான் வரும், வழக்கமா பத்துக்குள்ள. பல நாட்டுல அதையும் கிளப்பே குடுத்துரும். முன்கூட்டியே ஆட்டக்காரன்கிட்ட காசு கேக்குற ஆளு விக்கிறது கேம்ப் டிக்கெட், வேலை இல்ல.

ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு 18 முதல் 25 வயசு, எந்தப் பிரிவுக்கும் வயசுத் தளர்வு கிடையாது. சர்டிஃபிகேட்டும் நடப்பு நிதியாண்டு, அதுக்கு முந்தின ரெண்டு நிதியாண்டுல ஆடினதுதான் செல்லும். இவன் ரெண்டு வருஷம் ஜெர்மனில பெஞ்சுல உக்காந்துட்டு வந்தா வயசு 23, கையில இருக்கிற காகிதம் பழசு. அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. வேலையப் பிடிக்கச் சொல்லுங்க.

தெப்பக்குளத்தான்:
விசிலண்ணே, ரயில்வே ஒண்ணுதான் ஊர்ல இருக்கிற வேலைங்கிற மாதிரிப் பேசுறீங்க. மத்திய அரசோட பொது விதியில விளையாட்டு வீரர்களுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் வயசுத் தளர்வு உண்டு. வருமான வரி, கஸ்டம்ஸ் எல்லாம் இருக்கு. இங்க பேங்க் டீமுங்க வேற இருக்கு. 21ல வேலைக்குப் போனவன் 24ல வெளிநாட்டுக்குப் போவானா? மாட்டான். உடம்பு ஏறுற வயசு இதுதான்.

நம்மாளுங்க போகவே இல்லையா? 2017ல அம்ரித்பால் சிங் சிட்னி கிங்ஸ்ல சேர்ந்தார். அதே வருஷம் விசேஷ் பிருகுவன்ஷிய அடிலெய்ட் அணி எடுத்துச்சு. அம்ஜ்யோத் சிங் ஜப்பான்ல ஆடிட்டு அமெரிக்காவுல என்.பி.ஏ.வுக்குக் கீழ இருக்கிற ஜி லீக்ல ஓக்லஹோமா சிட்டியோட அணிக்குப் போனார். வழி இருக்குண்ணே, தேடணும்.

விசில்:
நீ சொன்ன பட்டியல்லயே பதில் இருக்கு. அம்ரித்பால் ஏழடிக்குப் பக்கம். அம்ஜ்யோத் ஆறரை அடிக்கு மேல, அதுவும் வெளிய நின்னு மூணு பாயிண்ட் போடுற பெரிய ஆளு. விசேஷ் இந்திய அணி கேப்டனா இருந்தும் அடிலெய்டுல கிடைச்சது பயிற்சி ஆட்டக்காரர் இடம்தான். இவன் 193 செ.மீ. சென்டர். மதுரைல ஜம்ப் பால் எடுக்கலாம். அங்க அந்த உயரத்துல பந்து கொண்டு வர்றவன் இருப்பான்.

நரிமேடு வக்கீல்:
உயரத்தை அப்புறம் பேசலாம். அந்த ஏஜென்ட் சொல்கிற ஒப்பந்தம் விசா விதிப்படியே நிற்காது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் தொழில்முறை விளையாட்டு வீரருக்கு ஜெர்மனியில் தனி விதி உண்டு. வயது 16 நிறைந்திருக்க வேண்டும்; தகுதியை அந்த விளையாட்டின் சம்மேளனம் உறுதிசெய்ய வேண்டும்; கிளப் தரும் மாதச் சம்பளம் ஓய்வூதியக் காப்பீட்டு உச்சவரம்பில் பாதியாவது இருக்க வேண்டும். 2025-இல் அந்த உச்சவரம்பு மாதம் 8,050 யூரோவாக இருந்தது. ஆக, அந்த ஆண்டு குறைந்தபட்சம் 4,025 யூரோ. 700 யூரோ தரும் நாலாவது டிவிஷன் கிளப் எப்படி அந்த விசாவுக்குக் கடிதம் தரும்?

‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், அமெரிக்கர்களுக்கு அது நடக்கும். அவர்கள் விசா இல்லாமல் இறங்கி, ஜெர்மனிக்குள்ளிருந்தே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஷெங்கன் பார்வையாளர் விசாவில் கேம்ப் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, இங்கிருந்து தேசிய விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். நவம்பரில் ஒருவன் முழங்கால் பெயர்ந்து உட்கார்ந்தால் கிளப்புக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் வேண்டும். நம் விசா வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்திருப்பார். இதனால்தான் ஆட்டம் நன்றாக இருந்தும் நம் பையன்களைத் தவிர்க்கிறார்கள்.

தெப்பக்குளத்தான்:
அக்கா சொன்னது தொழில்முறை விசா. மாணவர் விசாவுல போலாமே? அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, பாடன் வூட்டம்பெர்க் மாநிலம் நம்ம மாதிரி ஆளுங்ககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குது. முடக்கக் கணக்குல (செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற பேங்க் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், மாசம் 992 எடுத்துக்கலாம். வருஷத்துக்கு 140 முழுநாள் வேலையும் செய்யலாம். எம்.காம். மாதிரி ஒரு முதுகலை படிச்சுக்கிட்டே பக்கத்து ஊர் கிளப்புல ஆடட்டும். கீழ் டிவிஷன்ல ப்ராக்டிஸ் சாயங்காலம்தான், ஆட்டம் வாரக் கடைசி. ரெண்டு வருஷத்துல மேல மூணாவது டிவிஷனான புரோ பி கிளப் கண்ணுல பட்டா அப்புறம் பேசிக்கலாம்.

விசில்:
11,904 யூரோன்னா நம்ம காசுல பதினோரு லட்சத்துக்கு மேல. 1,800க்கே அவுங்கப்பா கடன் வாங்குறார்ங்கிறாய்ங்க.

நரிமேடு வக்கீல்:
தெப்பக்குளத்தான் சொல்வது சட்டப்படி நடக்கும் வழி. செலவு அண்ணன் சொல்கிற அளவுதான். ஒரே எச்சரிக்கை: இதையே இங்கிலாந்தில் செய்து பார்க்க வேண்டாம். அங்கே மாணவர் விசாவில் இருப்பவர் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ இருக்கக் கூடாது என்பது விசா நிபந்தனை. மீறினால் படிப்பும் போகும்.

அமெரிக்கக் கல்லூரி என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால்: அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷனில் ஐந்தாண்டுக் கடிகாரம் (ஒருவர் ஆடத் தகுதியுள்ள காலவரம்பு), உலகில் எந்தக் கல்லூரியில் முதன்முதலில் முழுநேரம் சேர்ந்தாலும் அன்றிலிருந்தே ஓடுகிறது. இவனுக்கு அதில் மூன்று போய்விட்டது. இங்கே ஆடிய பருவங்களும் கணக்கில் கழியும். அது பிளஸ் டூ முடித்த கையோடு கிளம்புகிறவர்களுக்கான பாதை.

கோரிப்பாளையம்:
அப்போ ஆஸ்திரேலியா? ஆசிய ஆட்டக்காரர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள் என்கிறார்களே?

தெப்பக்குளத்தான்:
ஆமா. அங்க மேல்மட்ட லீக்கான என்.பி.எல்.ல ஒரு ஆசிய நாட்டுக்காரரை இம்போர்ட் (வெளிநாட்டு ஆட்டக்காரர்) கணக்குல சேர்க்காம எடுத்துக்கலாம். ஜப்பானும் 2020ல ஆசிய ஒதுக்கீடு கொண்டுவந்துச்சு. ஆனா அப்போ போட்ட பட்டியல்ல சீனா, தைவான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கொரியாதான், நம்ம பேரு இல்ல. இவனுக்கு என்.பி.எல். எட்டாது, அது எனக்கே தெரியும். கீழ இருக்கிற என்.பி.எல்.1ஐக் குறி வைக்கணும். 2019ல தொடங்கினது, ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நடக்கும். அதுக்கு 408 விசா. கிளப் கூப்பிட்டா மட்டும் பத்தாது, அந்த நாட்டு விளையாட்டு அமைப்போட ஆதரவுக் கடிதமும் வேணும். அக்டோபர்லயே கிளப்புகளுக்கு வீடியோ போகணும். ஜனவரில அனுப்பினா டீம் நிரம்பியிருக்கும்.

பெரியகுளம் பக்கம்:
வீடியோன்னதும்தான் வந்தேன். எல்லாரும் விசாவைப் பேசுறீங்க, பையன் ஆட்டத்தைப் பத்தி யாருமே கேக்கலையே.

193ல சென்டர் ஆடுறவன் வெளிநாடு போகணும்னா முதல்ல இடம் மாறணும். இங்க அவன் வேலை என்ன? 2-3 ஜோன்ல (ஆளைத் துரத்தாம இடத்தைக் காக்கிற முறை) கூடைக்குக் கீழ கை தூக்கி நிக்கிறது, ரீபவுண்ட் எடுத்துக் குடுக்கிறது, முதுகைக் காட்டிப் பந்து வாங்கித் திரும்புறது. அங்க இந்த உயரத்துக்காரன் விங் இல்லேன்னா கார்டு, ரெண்டும் வெளிய நின்னு ஆடுற இடம். மேன் டு மேன்ல (ஆளுக்கு ஆள் காவல்), ஸ்கிரீன் வந்தா, அதாவது எதிராளி ஒருத்தன் வழிய மறிச்சா, மேல சுத்தித் துரத்தணும். இடது கையில வேகமா ட்ரிபிள் பண்ணி உள்ள போய், ஹெல்ப் வந்ததும் மூலைக்குப் பந்தை வீசணும். மூணு பாயிண்ட் கோடு 6.75 மீட்டர், மூலையில 6.60. நின்னு போடுறது பெருசில்ல, ஓடி வந்து பிடிச்ச உடனே போடணும். தினமும் 250 பந்து உள்ள விழுற வரைக்கும் போடட்டும். எத்தனை போட்டு எத்தனை விழுந்துச்சுன்னு நோட்டுல எழுதணும். காவல் இல்லாம 100க்கு 65 விழலேன்னா ஆட்டத்துல 30கூட வராது.

இன்னொண்ணு, சிமெண்ட் கோர்ட், தேய்ஞ்ச ரப்பர் பந்து. இதுலயே பழகினவன் மரத்தளத்துல மோல்டன் தோல் பந்தைத் தொட்டா முதல் வாரம் எல்லாமே நீளமாப் போகும். நிறுத்துற காலும் வேற மாதிரிப் பிடிக்கும். உள்ளரங்கம் கிடைக்கிற இடமாப் பாத்து வாரத்துல ரெண்டு நாளாவது ஆடணும்.

வீடியோ விஷயத்துல நம்ம பயலுக பண்றது எல்லாம் தலைகீழ். ஸ்லோ மோஷன் டங்க், பின்னால சினிமாப் பாட்டு, ரெண்டு நிமிஷம். கோச் அதைப் பாக்கவே மாட்டார். ரெண்டு முழு ஆட்டம் வெட்டாமக் குடுங்க. கேமரா நடுக்கோட்டுக்கு நேரா, கேலரி நாலாவது படி உயரத்துல ஸ்டாண்டுல நிக்கணும்; பந்து பின்னால ஜூம் பண்ணி ஓடக் கூடாது, பத்துப் பேரும் தெரியணும். பந்து இல்லாதப்ப இவன் என்ன பண்றான்னுதான் அவுங்க பாப்பாங்க. கூட நாலு நிமிஷத் தொகுப்பு ஒண்ணு, அதுல பாதி டிஃபென்ஸ். முதல் பத்து செகண்ட்ல பாஸ்போர்ட்ல இருக்கிற பேரு, பிறந்த தேதி, செருப்பில்லாத உயரம், கை விரிப்பு, ஜெர்ஸி நம்பர். யாரை எதிர்த்து ஆடுன ஆட்டம்ங்கிறதும் முக்கியம். கல்லூரி ஆட்டத்துல 35 பாயிண்ட் போட்டதைவிட, மே மாசம் எங்க ஊர் சில்வர் ஜூபிலி கிளப் போட்டில சர்வீசஸ், பேங்க் டீமை எதிர்த்து 12 போட்டதுக்கு மதிப்பு ஜாஸ்தி. மறக்காம ஒருத்தரை உக்கார வச்சு ஸ்டாட் ஷீட் எழுதச் சொல்லுங்க. கல்லூரி ஆட்டத்துக்கு யாரும் எழுதுறதில்ல.

விசில்:
இது சரியான பேச்சு. இவன் ரெடியா இல்லைங்கிறதை நீங்களே சொல்லிட்டீங்க.

பெரியகுளம் பக்கம்:
இன்னைக்கு ரெடி இல்ல. ஒன்றரை வருஷம் ஒழுங்கா உழைச்சா ஆகலாம். வேலைக்குப் போயிட்டா அங்க டீமுக்கு சென்டர்தான் வேணும், மறுபடி கூடைக்குக் கீழேயே நிறுத்திருவாங்க. அதையும் யோசிங்க.

கோரிப்பாளையம்:
ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் நம்பர் கேட்கச் சொன்னேன். ‘நான் ஏஜென்ட் இல்லை, கேம்ப் டைரக்டர்’ என்று பதில் வந்திருக்கிறது. பணம் கட்டவில்லை. ஒருவேளை நாளைக்கு நிஜமான ஒப்பந்தம் வந்தால் அதில் என்னென்ன பார்க்கணும், அக்கா?

நரிமேடு வக்கீல்:
ஒப்பந்தம் வருவதற்கு முன்பே பெயரைச் சரிசெய்யுங்கள். நம் ஊரில் மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, சம்மேளன அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று மூன்று ஆளாக இருப்பான். ஃபிபா பதிவும் விசாவும் பாஸ்போர்ட் பெயரைத்தான் பார்க்கும். மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் அவன் ஆடுகிற ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சாக்குச் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் சம்பளம் வரி போக எவ்வளவு என்று எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தவணைக்கும் தேதி வேண்டும். இத்தனை நாள் தாமதமானால் ஆட்டக்காரர் விலகலாம், மீதிச் சம்பளமும் உண்டு என்ற வரி வேண்டும். மருத்துவப் பரிசோதனை வந்து இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் முடிய வேண்டும். ‘பயிற்சியாளருக்குத் திருப்தி இல்லையென்றால்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் இருந்தால் அது ஒப்பந்தமே இல்லை, ட்ரையல். போக வர டிக்கெட், வீடு, காயக் காப்பீடு ஆகியவை தனித்தனி வரிகளாக வேண்டும்.

ஜெனீவாவில் பாஸ்கெட்பால் நடுவர் தீர்ப்பாயம் 2007 முதல் இயங்குகிறது. சம்பளம் தராத கிளப் மீது அங்கே போகலாம், ஆனால் ஒப்பந்தத்திலேயே அந்தத் தீர்ப்பாயத்தின் பெயர் இருந்தால்தான். தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்ய முடியாதபடி ஃபிபா தடை போடும். அதற்குப் பயந்தே பல கிளப்புகள் கொடுத்துவிடும். வழக்குக்குத் திரும்பக் கிடைக்காத கட்டணம் உண்டு, அதனால் சிறு தொகைக்குப் போவது வீண். கையெழுத்தான பிறகு நம் சம்மேளனத்திலிருந்து கிளியரன்ஸ் லெட்டர் வர வேண்டும். இங்கே வேறு கிளப்போடு ஒப்பந்தம் நிலுவையில் இருந்தால் மட்டுமே அதை மறுக்கலாம்.

தெப்பக்குளத்தான்:
அப்போ ஒன்றரை வருஷம் ஆட்டத்தை மாத்தட்டும், அப்புறம் ஆஸ்திரேலியா. அப்பவும் வயசு 23தான், ரயில்வே வாசல் மூடாது.

விசில்:
வாசல் மூடாது, சர்டிஃபிகேட் மூடிரும். ஒன்றரை வருஷம் தனியா சுவத்துல பந்து அடிச்சா யார் சர்டிஃபிகேட் தருவா? ட்ரையல்ஸுக்கு இந்த வருஷமே போகட்டும். கோரிப்பாளையம் தம்பி, மத்திய அரசோட விளையாட்டுச் சான்றிதழ் படிவம் 2ல மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து, படிவம் 3ல பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்து, ரெண்டையும் இப்பவே வாங்கி வைங்க. அவுங்க மாறிட்டா பழைய ரெக்கார்டைத் தேடி அலைய விடுவாய்ங்க.

தெப்பக்குளத்தான்:
கையெழுத்து வாங்குறதுல எனக்குச் சண்டை இல்ல. வேலைல சேர்ற அன்னைக்கு ஜாயினிங் லெட்டரைப் படிக்கச் சொல்லுங்க, வெளிநாட்டுக் கிளப்புக்கு ஆட அனுமதி யார் தருவான்னு. அதை முதல் நாளே எழுதிக் கேட்டு வைக்கணும், ரெண்டாவது வருஷம் இல்ல.

கோரிப்பாளையம்:
படிவம் 3க்கு இரண்டு வருஷத்துக்கும் தனித்தனியா வாங்கணுமா?

விசில்:
ஆமா, ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனி. தேதி, இடம், டீம் எத்தனாவதா வந்துச்சுன்னு மூணும் அதுல இருக்கணும்.