புதுப்பிப்பு: 1794 செம்பு சென்ட்டில் நட்சத்திரம்?

போன மாதம் ஒரு 1794 அமெரிக்கப் பெரிய சென்ட்டின் படம் போட்டு, பின்பக்க விளிம்பில் தெரிவது நட்சத்திரமா என்று கேட்டிருந்தேன். இல்லை.

சைலீனில் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) ஒரு இரவு ஊறியதும் என் 'நட்சத்திரங்கள்' அழுக்கோடு போய்விட்டன. 'ஷெல்டன் 48' என்ற அரிய வகையில் (பெரிய சென்ட்களுக்கான ஷெல்டன் பட்டியலில் 48ஆம் எண்) விளிம்பைச் சுற்றியுள்ள பல் போன்ற மேடுகளுக்கிடையே 94 குட்டி நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை. என்னுடையதில் லென்ஸ் வைத்துப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. ஆசைதான், வேறென்ன!

ஆனால் காசு அசல் போலத்தான் தெரிகிறது. எடை 13.2 கிராம் (முறைப்படி 13.48). பக்கவாட்டில் 'ஒரு டாலருக்கு நூறு' என்ற ஆங்கில எழுத்துகள் ஓடுகின்றன. 1795இன் இறுதியில் எடையைக் குறைத்தபோதுதான் அவை கைவிடப்பட்டன.

சரி, அப்போது இது எந்த அச்சு? அந்த ஒரே ஆண்டுக்கு ஐம்பதுக்கும் மேல் அச்சு ஜோடிகள் (முன்பக்க, பின்பக்க வார்ப்புருக்களின் சேர்க்கைகள்). அச்சை அடையாளம் காண, முன்பக்கத் தலையின் முடிக்கற்றை நுனிகளை நெருக்கமாகப் படமெடுத்து ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.