தானியத் தட்டுக்கு வல்லூறு வருகிறது, விரட்டலாமா?

முற்றம்:
பின்பக்கம் ஒரு தானியத் தட்டு தொங்கவிட்டிருக்கிறேன், சிட்டுக்குருவி, புறா, மைனா எல்லாம் வரும். கொஞ்ச நாளாகப் பருந்து மாதிரி ஒன்று, ஆனால் புறா அளவுதான் இருக்கும், முதுகு சாம்பல், மார்பில் செம்பழுப்புக் கோடுகள், கண் நல்ல சிவப்பு, சத்தமே இல்லாமல் மரத்தின் உள்கிளையில் வந்து உட்காருகிறது. நேற்று கண்ணெதிரே ஒரு சிட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தீனி வைத்துக் கூப்பிட்டு நானே காவு கொடுக்கிறேனோ என்று மனசு கேட்கவில்லை. கல் எறிந்து விரட்டலாமா, தட்டையே எடுத்துவிடவா?

கூர்நகம்:
அது வல்லூறு, வைரி என்றும் சொல்வார்கள். கண் சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆண். பெண் அதைவிடப் பெரிது, கண் மஞ்சளாக இருக்கும். அக்காக்குயிலும் அச்சு அசலாக இப்படித்தான் தெரியும், ஆனால் அதன் தீனி பெரும்பாலும் பூச்சியும் கம்பளிப்புழுவும்தான், அதனால் குருவியைத் தூக்கியது என்றால் சந்தேகமே வேண்டாம். தயவுசெய்து கல் எறியாதீர்கள். ஓணான், எலி, வெட்டுக்கிளி, சின்னப் பறவை, இதுதான் அதன் சாப்பாடு. பாய்ந்த தடவையெல்லாம் இரை கிடைப்பதும் இல்லை, பல தடவை வெறுங்காலோடுதான் திரும்பும்.

தவிட்டுக்குருவி:
விரட்டினாலும் திரும்ப வரும், மாற்ற வேண்டியது தட்டின் இடத்தைத்தான். வல்லூறு பருந்து போல உயரத்தில் வட்டமடித்து வேட்டையாடுவது குறைவு, இலைமறைவில் காத்திருந்து திடீரென்று பாயும், அதனால் அது உட்காருகிற கிளைக்கு நேர் எதிரே, வெட்டவெளியில் தட்டு தொங்கினால் குருவிக்குத் தப்ப வழியே இல்லை. அடர்ந்த புதர் ஒன்றிலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் வையுங்கள், ஒரே தாவலில் உள்ளே புகுந்துவிடும். ரொம்ப ஒட்டியும் வேண்டாம், புதருக்கடியில் பூனை பதுங்கும். தரையில் தானியம் இறைப்பதையும் நிறுத்துங்கள், குனிந்து பொறுக்குகிற பறவைதான் முதலில் மாட்டும்.

முற்றம்:
புதர் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். இன்னொன்று, அது பாய்ந்தபோது ஒரு புறா மிரண்டு ஜன்னல் கண்ணாடியில் மோதியது. அப்புறம் பறந்துவிட்டது, ஆனால் பயமாக இருக்கிறது.

கூர்நகம்:
பறந்து போனாலும் உள்காயம் இருக்கலாம். கண்ணாடியில் தெரிகிற மரத்தையும் வானத்தையும் நிஜம் என்று நம்பித்தான் மோதுகின்றன, என்னைக் கேட்டால் வல்லூறைவிட இதுதான் பெரிய ஆபத்து. கண்ணாடியின் வெளிப்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகளை நெருக்கமாக ஒட்டுங்கள், இடைவெளி 5 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவார்களே, அது பிரயோஜனமில்லை, சுற்றியுள்ள இடத்தில் போய் மோதும்.

தவிட்டுக்குருவி:
இதற்குப் பிறகும் தினமும் வந்து உட்கார்ந்தால் ஒன்றிரண்டு வாரம் தட்டைக் கழற்றி வையுங்கள். கூட்டம் கலைந்தால் அதுவும் வேறு இடம் தேடும், குருவிகள் பட்டினி கிடக்காது, அவற்றுக்கு வேறு தீனி இடங்களும் தெரியும். திரும்ப மாட்டும்போது தட்டைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.