எச்1பி விசாவில் இருப்பவர் 50 டாலர் தேர்தல் நன்கொடை தரலாமா?

ராரிட்டன்கரை:
நியூஜெர்சிக்கு வந்து 12 வருஷம். இன்னும் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாதான், நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வரிசை நகர்ந்தபாடில்லை. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் அம்மா ஒருவர் ஸ்கூல் போர்டு (உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு) தேர்தலில் நிற்கிறார். ஓய்வுபெற்ற நூலகர். என் மகள் வாசிக்கத் திணறியபோது ஒரு குளிர்காலம் முழுக்க, வாரம் இரண்டு நாள், தன் சமையலறை மேஜையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர். காசு வாங்கவே இல்லை. என் மனைவி கொடுத்தனுப்பிய இட்லியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

அவருக்கு 50 டாலர் அனுப்பலாம் என்று எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசியில் ஒரு கட்டம்: அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவன் என்று டிக் செய்ய வேண்டுமாம். அங்கேயே கை நின்றுவிட்டது. நான் கட்டும் வீட்டு வரியில்தானே அந்தப் பள்ளியும் நடக்கிறது? பெரும் பணக்காரர்கள் தேர்தலில் கோடிகளைக் கொட்டுவது பேச்சுரிமை என்றால், என் 50 டாலர் மட்டும் என்ன? மகள் இங்கே பிறந்தவள். அவள் பெயரிலாவது தரலாமா?

ஹட்சன்வாசி:
டிக் பண்ணி அனுப்பிவிடுங்கள் சகோ. 50 டாலரையெல்லாம் யார் நோண்டப்போகிறார்கள்?

பழைய விசா:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தெரிந்தே ஒரு பொய்யில் டிக் செய்ய வேண்டாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத வெளிநாட்டவர் தேர்தலுக்குப் பணம் தரக்கூடாது என்ற தடை அதிபர் தேர்தலுக்கு மட்டும் உள்ளதல்ல, மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்கும் சேர்த்துத்தான். 1 டாலராக இருந்தாலும் கூடாது. மகள் பெயரும் வேண்டாம். சிறுவர்கள் நன்கொடை தருவதைத் தடுத்த சட்டப்பிரிவை 2003-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மைதான். ஆனால் பணம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், முடிவும் அவளுடையதாக இருக்க வேண்டும். உங்கள் பணத்தை அவள் கை வழியாகக் கொடுத்தால் அது பினாமி நன்கொடை.

பேச்சுரிமை பற்றிக் கேட்டீர்கள். அதிபர் நிக்சன் காலத்து வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1974-ல், ஒரு வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலில் 1,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்று சட்டம் வந்தது. செலவுக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். 1976-ல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்துவிட்டது. வேட்பாளரிடம் நேரடியாகக் கொடுப்பதில் ஊழலுக்கு வழி இருப்பதால் வரம்பு செல்லும். தன் கருத்தைச் சொல்லத் தானே செலவழிப்பதற்கு வரம்பு போட்டால் அது பேச்சுக்கே போடும் வரம்பு, அது செல்லாது. அதனால்தான் இன்றும் (2025-26 கணக்கில்) நாடாளுமன்ற வேட்பாளருக்கு ஒருவர் தரக்கூடியது ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர்தான். 2010-ல் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளரிடம் கொடுக்காமல் தனியாகப் பிரசாரம் செய்யும் சூப்பர் பேக் குழுக்களில் கொட்டும் பணத்துக்கோ அளவே இல்லை.

உங்கள் கேள்வியையே ஒருவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். தற்காலிக விசாவில் நியூயார்க்கில் வேலை பார்த்த கனடா நாட்டு வழக்கறிஞர். சில வேட்பாளர்களுக்கு நன்கொடை தர வேண்டும், ஒபாமாவை ஆதரித்து பிட் நோட்டீஸ் அச்சடித்து சென்ட்ரல் பார்க்கில் விநியோகிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2011-ல் இரண்டும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் பிரெட் கவனா, அப்போது அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கவில்லை. வாக்களிப்பது போல, தேர்தலுக்குப் பணம் தருவதும் செலவழிப்பதும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் சமூகத்தின் வேலை, அதில் வெளிநாட்டவரை விலக்கி வைக்கலாம் என்பது அவர் வாதம். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணையே இல்லாமல் அதை உறுதிசெய்தது.

கொங்குநாட்டான்:
எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நம்மூர்த் தேர்தலில் பணம் இறக்கினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? 50 டாலருக்குக் கதவைத் திறந்தால் 50 லட்சமும் அதே வழியில்தான் வரும்.

ராரிட்டன்கரை:
அந்தப் பயம் நியாயம்தான் அண்ணா. ஆனால் எங்கோ இருக்கும் கம்பெனியும், 12 வருஷமாக இதே தெருவில் பனி தள்ளும் நானும் ஒன்றா? பூங்காவில் நின்று "இவருக்குப் போடுங்கள்" என்று வாயால் சொன்னால் பேச்சு, அதையே என் காசில் காகிதத்தில் அடித்துக் கொடுத்தால் குற்றம். இரவெல்லாம் இதே யோசனை. கிரீன் கார்டு உள்ளவருக்கும் வாக்கு இல்லை, அவர் பணம் மட்டும் செல்லுமாம். எல்லைக்கோட்டை அங்கே போட முடிந்தவர்களுக்கு, இத்தனை வருஷம் வரி கட்டிக் குடியிருப்பவன் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?

பழைய விசா:
அதை அமெரிக்க நாடாளுமன்றத்தில்தான் மாற்ற வேண்டும். இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்யலாம், அதற்குத் தடையில்லை. பிரசாரத்துக்கென்று கைக்காசைச் செலவழிக்காதீர்கள். பணத்தை எப்படிச் செலவிடுவது, யாரைச் சேர்ப்பது போன்ற முடிவுகளிலும் தலையிடாதீர்கள்.

ராரிட்டன்கரை:
நன்றி. நேற்றே அந்த அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய், அவர் செலவில் அச்சடித்த நோட்டீஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சனிக்கிழமை எங்கள் தெருவும் அடுத்த தெருவும் என் பொறுப்பு. மகளும் வருகிறேன் என்கிறாள்.