அட்டையில் சிவப்புக் கறை

(வீட்டு வாட்ஸ்அப் குரூப்)

*வியாழன்*

ரவி, 6:10
(படம்) மாமா, ராத்திரி நம்ம பிராடோ ஜீப்புக்குக் கீழ அட்டை போட்டு வச்சேன். காலையில இப்படி.

அம்மா, 6:14
கோயில்கிட்ட நிப்பாட்டியிருந்தப்பவும் கறை இருந்துச்சு. அன்னைக்கே சொன்னேன்.

பெரிய மாமா, 6:31
செவப்பா, காப்பிக் கலரா? தொட்டு மோந்து பாரு தம்பி.

ரவி, 6:33
செவப்புதான், கொஞ்சம் மங்கல். கருகின வாடை இல்ல.

பெரிய மாமா, 6:38
கருகலைன்னா நல்லது. செவப்புன்னா எஞ்சின் ஒயில் இல்ல. நாலு சக்கரத்துக்கும் இழுவை பிரிக்கிற டிரான்ஸ்பர் பெட்டியோட ஒயில் தடிப்பா இருக்கும், நாத்தமும் வேற. பவர் ஸ்டியரிங்குக்கும் இதே செவப்பு ஒயில் ஊத்துவாங்க, ஆனா அது முன்பக்கம் சொட்டும். உன் கறை எங்கன இருக்கு?

ரவி, 6:39
நடுவுல. டிரைவர் சீட்டுக்குக் கொஞ்சம் முன்ன.

பெரிய மாமா, 6:45
ஓட்டோ கியர் ஒயில்தான். ஆனா கியர்பெட்டி அடியில இருக்கிற ஒயில் தட்டு, அதான் சம்ப், அதுலதான் லீக்குன்னு இப்பவே முடிவு கட்டாத. மேல ஒயில் ஆறுறதுக்குப் போற கூலர் பைப்புல கசிஞ்சாலும் வழிஞ்சு வந்து சம்ப் விளிம்புலதான் சொட்டும். வண்டி ஓடுறப்ப காத்து வேற ஒயில பின்னால தள்ளிக் கொண்டுபோயிரும். அதனால ஈரத்துல ஆக மேல, ஆக முன்ன இருக்கிற எடத்தத் தேடணும். நல்லாக் கழுவி, காய வச்சு, பிள்ளைக்குப் போடுற பவுடரத் தூவு, கசியிற எடம் அதுல ஈரமாத் தெரியும். பத்து நிமிசம் எஞ்சின ஓட்டு. எஞ்சின் ஓடுறப்ப அடியில போகாத, நிப்பாட்டிட்டுப் பாரு.

குமார் (கொழும்பு), 7:02
அண்ணே, போன வருசம் டவுன்ல ஒரு கராஜ்ல இறுக்கித் தந்தாங்களே?

ரவி, 7:03
ஆமா. சிலிக்கன் பூசி போல்ட் எல்லாத்தையும் இறுக்குனாங்க. ரெண்டு மாசம் நின்னுச்சு.

பெரிய மாமா, 7:15
அந்த இறுக்கல்தான் பாதிக் கேடு. சம்ப் மெல்லிசு தகரம். போல்ட்ட அழுத்தி முறுக்குனா ஓட்டையச் சுத்தி தகரம் குழி விழும், ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல விளிம்பு தூக்கிக்கும். அந்த இடுக்குலதான் ஒயில் வரும். வருதேன்னு இன்னும் இறுக்குவாங்க. பெட்டி அலுமினியம், போல்ட்டோ சின்ன 10ஆம் நம்பர் தலை. மரை போச்சுன்னா வேலை பெருசாயிரும். அதிகமாப் பூசின சிலிக்கன் உள்ள பிதுங்கி, பிஞ்சு விழுந்து வடிகட்டிய அடைக்கும்.

ரவி, 17:48
(படம்) (படம்)
மாமா, மேல பவுடர் அப்படியே இருக்கு, பைப்பும் காஞ்சிருக்கு. சம்ப்போட பின் மூலையில ஈரம். பழைய கல்லடிப் பள்ளம் ஒன்னு, அதுக்குள்ள துரு. ஸ்குரூ டிரைவரால தொட்டேன், செதில் செதிலா வருது.

பெரிய மாமா, 17:55
குத்தாத! ஓட்டை விழுந்துரும். சேத்துத் தண்ணி அந்தப் பள்ளத்துல தேங்கித் தேங்கி அரிச்சிருக்கு. தோட்டத்து ரோட்டுல ஓடுற எந்த வண்டிக்கும் இதுதான்.

ரவி, 17:57
வெல்ட் பண்ணலாமா?

பெரிய மாமா, 18:04
துருப் பிடிச்ச தகரத்துல நெருப்ப வச்சா பக்கத்துல புது ஓட்டைதான் வரும். வெளியில பசை பூசினா நாலு நாள் தாங்கும். சம்ப்ப மாத்து.

சாந்தி அக்கா, 18:20
நாளைக்குப் பெரியம்மாவுக்குக் கண்டி கிளினிக். ரவி வண்டின்னு சொல்லி வச்சிருக்கு.

ரவி, 18:22
ஒரு லீட்டர் கையில வச்சுக்கிட்டு, நின்னு நின்னு ஊத்திப் போயிறலாம்ல மாமா? பெரியம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்.

பெரிய மாமா, 18:36
வேணாம்டா. போறது எறக்கம், போயிருவ. வர்றத யோசி. கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், நம்ம அட்டன் 1,200க்கு மேல. வர்ற வழியில கினிகத்தேனை ஏத்தத்துல ஒயில் கொறைஞ்சிருந்தா, இருக்கிறதும் பின்னால சாஞ்சு வடிகட்டி காத்த உறிஞ்சும். பம்ப்புல அழுத்தம் விழும். எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. உள்ள கிளச் தட்டு சறுக்கிச் சூடாகி அஞ்சு நிமிசத்துல கருகிரும். எனக்கு இது நடந்திருக்கு. மழையில, பின்னால லொறி நிக்க, வளைவுல வண்டி பின்னுக்கு உருண்டுச்சு. கல்லு வச்சுத் தடுத்தவன் என் கூட வந்த பையன். இப்பவும் அந்த வளைவத் தாண்டுறப்ப கை வேர்க்கும். உன் பெரியம்மாவ அந்த எடத்துல உக்கார வைக்காத.

பெரியம்மா, 18:41
நான் பஸ்ஸுல போறேன் ராசா. நீ வண்டியப் பாரு.

சாந்தி அக்கா, 18:44
பஸ் வேணாம் பெரியம்மா. கீழ் லயத்து (தோட்டத்து லைன் வீடுங்க) வேன் நாளைக்குக் கண்டி போகுது, முன் சீட்டு கேட்டு வச்சிட்டேன்.

பெரிய மாமா, 18:52
நல்ல வேலை செஞ்ச. 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிப்பாட்டுனதுல இருந்து பழைய வண்டியத்தான் காப்பாத்தி ஓட்டுறோம். 2025ல தொறந்தும் வெல நமக்கு எட்டல. ராத்திரி நேரம் மேல் லயத்துக்கு ஏறுற வண்டி நம்ம பிராடோ ஒன்னுதான். கியர்பெட்டிய விட்டுறக் கூடாது.

*வெள்ளி*

குமார் (கொழும்பு), 11:20
பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில நிக்கிறேன். சம்ப் புதுசும் இருக்கு, பழைய வண்டியில கழட்டினதும் இருக்கு. எது?

பெரிய மாமா, 11:24
புதுசு. செசி நம்பரக் காட்டு. போல்ட் ஓட்டைய எண்ணு, 19 இருக்கணும். கடையில கண்ணாடி மேசை இருந்தா கவுத்து வச்சுப் பாரு, ஆடினா வேணாம். கேஸ்கட், வடிகட்டி, வடிகட்டிக்குரிய கேஸ்கட், டிரெய்ன் போல்ட் வொஷர் எல்லாம் சேத்து எடு. ஒயில வாங்குறதுக்கு முன்ன ரவி கியர் ஒயில் மட்டம் பாக்கிற கம்பிய, அந்த டிப் ஸ்டிக்கப் படம் எடுத்துப் போடட்டும், எந்த ஒயில்னு அதுலயே அடிச்சிருக்கும்.

ரவி, 11:31
(படம்) டெக்ஸ்ரன் 2 அல்லது 3ன்னு இருக்கு.

குமார் (கொழும்பு), 12:15
டெக்ஸ்ரன் 3ல 5 லீட்டர் எடுத்துட்டேன். ராத்திரி அட்டன் பஸ்ஸுல குடுத்து விடுறேன் அண்ணே. கண்டக்டர் நம்பர தனியா அனுப்புறேன்.

*சனி*

ரவி, 8:40
பார்சல் வந்துருச்சு. வீட்டு வாசல் சரிவா இருக்கு மாமா. ஜேக் போட்டு அங்கயே செய்யவா?

பெரிய மாமா, 8:43
ஜேக்க மட்டும் நம்பி அடியில படுக்காத. தேயிலை பெக்டரி முத்தம் மட்டம்தானே, கேட்டுக்கிட்டு அங்க கொண்டு போ. நாலு சக்கரத்துக்கும் கட்டை வை. டிரான்ஸ்பர் லிவர் நியூட்ரல்ல இருக்கக் கூடாது. அது நியூட்ரல்ல இருந்தா கியர் பீ-ல (பார்க்) கெடந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக்கையும் இழு.

ரவி, 10:30
வெதுவெதுப்பா வடிச்சாச்சு. போல்ட் கழட்டியும் சம்ப் வரல.

பெரிய மாமா, 10:32
பழைய சிலிக்கன் புடிச்சிருக்கு. நெம்பாத, அலுமினியம் கீறிரும். மெல்லிசு பிளேடால ஓரம் ஓரமா அறுத்து விடு. உள்ள இன்னும் ஒயில் இருக்கும், சமமாப் புடிச்சு எறக்கு.

ரவி, 11:05
(படம்) சம்ப்புக்குள்ள இருக்கிற காந்தத்துல சாம்பல் கலர்ல களி மாதிரி ஒட்டியிருக்கு. பயமா இருக்கு மாமா.

பெரிய மாமா, 11:09
விரல்ல தேச்சுப் பாரு. நறநறன்னு குத்துதா?

ரவி, 11:10
இல்ல. மை மாதிரி.

பெரிய மாமா, 11:13
அப்பாடா. அது தேய்மானத் தூள், எல்லாப் பெட்டியிலயும் இருக்கும். இரும்புத் துண்டு கெடந்தா பேரிங், பல்லு, தட்டு தேயுதுன்னு அர்த்தம். காந்தத்துல ஒட்டாத பித்தளைன்னா புஷ். ரெண்டும் இல்லாததுனால உன் பெட்டி பொழச்சிருக்கு. காந்தத்தக் கழுவி, பழைய சம்ப்புல இருந்த அதே எடத்துல புதுசுல வை. பெட்டி முகத்த மூங்கில் சீவி வச்சு சுரண்டு, இரும்பு படக் கூடாது. நூல் பிரியிற துணியால தொடைக்காத.

ரவி, 13:20
வடிகட்டி மாத்தியாச்சு. கேஸ்கட்டுக்கு சிலிக்கன் பூசவா?

பெரிய மாமா, 13:21
கேஸ்கட்ட ஒன்னும் பூசாம அப்படியே போடு. 19 போல்ட்டையும் முதல்ல கையால ஏத்து. அப்புறம் எதிரெதிரா, ரெண்டு தடவையாப் போய் இறுக்கு. இறுக்கம் 7 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான். பெக்டரி பிட்டர்கிட்ட இறுக்கத்த அளந்து காட்டுற சின்ன டோர்க் ரென்ச் இருக்கும், கேளு. டிரெய்ன் போல்ட்டுக்கு 20.

அம்மா, 13:40
சாப்பிட்டுட்டு செய்யச் சொல்லுங்க அண்ணே. காலையில இருந்து ஒன்னும் சாப்பிடல.

ரவி, 15:15
வடிஞ்சதக் கணக்குப் பாத்து ஊத்திட்டேன். டிப் ஸ்டிக்ல எங்க நிக்கணும்?

பெரிய மாமா, 15:22
எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும். பிரேக்க மிதிச்சுக்கிட்டு பீ-ல இருந்து எல்-வரை ஒவ்வொன்னா எறக்கி, திரும்ப பீ-க்கு வா. டிப் ஸ்டிக்ல கூல்னு போட்ட கோட்டுக்குள்ள ஒயில் நின்னா கெளம்பு. தலவாக்கலை வரை போயிட்டு வந்து, அதே மட்டத்துல சூட்டோட திரும்பப் பாரு. அப்ப ஹொட் கோட்டுக்குள்ள நிக்கணும். கொறைஞ்சா கால் கால் லீட்டரா ஊத்து. கூடினாலும் நுரைச்சுக் கெடுத்துரும்.

ரவி, 17:30
(படம்) ஹொட் கோட்டுக்கு நடுவுல. கியர் விழுறது தெரியவே இல்ல மாமா. கொட்டகலை ஏத்தத்துல ஒரு தடவகூட சறுக்கல.

பெரியம்மா, 17:34
நல்லா இரு ராசா. அடுத்த கிளினிக் வர்ற மாசம் 14.

*ஞாயிறு*

ரவி, 6:05
(படம்) அட்டை காஞ்சிருக்கு.

பெரிய மாமா, 6:20
கண்ணு நெறஞ்சு போச்சுடா. அட்டைய எடுத்துராத, ஒரு கெழமை அப்படியே கெடக்கட்டும். பழைய ஒயில ஆத்துப் பக்கம் ஊத்தாத, போத்தல்ல அடைச்சு பெக்டரியில குடு.