சுங்கை பினாங்கு வெள்ளம்: கேள்வித்தாளைச் சரிபார்க்க ஆள் வேண்டும்

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள சுங்கை பினாங்கு, ஜாலான் பி. ரம்லி பக்கத்து வீடுகள் வெள்ளத்தை எந்த அளவுக்குச் சமாளிக்கும் என்று அளக்க ஒரு கேள்வித்தாள் தயாராகிறது. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அவசியம் உதவ வேண்டும்.

ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண். கிடைத்த அளவிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கிறோம். ஒரே ஒரு வீட்டு வருமானம் மிகப் பெரிதாக வந்தாலும் மற்ற வீடெல்லாம் 0 பக்கம் ஒதுங்கிவிடும். அதனால் வருமானத்துக்கு முதலில், பெரிய எண்களின் இடைவெளியைச் சுருக்கும் மடக்கை (log) எடுக்கிறோம். சார்ந்திருப்போர் விகிதத்தின் (வீட்டில் பிறரை நம்பி இருக்கும் குழந்தைகள், முதியவர்களின் அளவு) மதிப்பெண்ணை 1-இலிருந்து கழித்தே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கையில் இருக்கும் பாட்டியும் கைக்குழந்தையும் உள்ள வீடு வலுவான வீடாகத் தெரியும்.

சிக்கல் கேள்விகளில்தான். "காப்புறுதி இருக்கிறதா?" என்றால் கார் காப்புறுதி உள்ளவரும் ஆமாம் என்பார்; வெள்ளத்துக்கு அதில் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். "மாடி இருக்கிறதா?" என்பதும் போதாது. ஐஸ்பெட்டியைத் தூக்க வீட்டில் இரண்டு பேர் உண்டா, பிளக் பாயிண்ட் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கவேண்டும். வாடகைக்கு இருப்பவர் பிளக் பாயிண்டை உயர்த்த வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்; அதற்குத் தனிக் கேள்வி தேவை.

தமிழும் மலாயும் சரளமாகப் பேசும் இரண்டு மூன்று பேர், பெரியவர்களிடம் கேள்விகளை வாசித்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துத் தர முடியுமா? புள்ளியியல் தெரிந்தவர்கள், வருமானம், காப்புறுதி போன்ற எல்லாக் குறியீட்டுக்கும் மொத்த மதிப்பெண்ணில் சம எடை போதுமா என்றும் சொல்லுங்கள்.