லாலி என்கிற குடும்பப் பெயர் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

வந்தவாசிக்காரி (இப்போது கால்வே, அயர்லாந்து)

மூன்றாம் கர்நாடகப் போரைப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் லாலியைத் தெரியும். 1760 ஜனவரி 22, வந்தவாசி, தோற்றவர் லாலி, ஜெயித்தவர் ஆங்கிலத் தளபதி அயர் கூட். எங்கள் ஊர்ப் பெயர் பாடப் புத்தகத்தில் வரும் ஒரே இடம் அதுதான், அதனால் கொஞ்சம் பெருமையோடே மனப்பாடம் செய்திருந்தேன். 'பிரெஞ்சுத் தளபதி லாலி' என்றுதான் பரீட்சையில் எழுதுவோம்.

கால்வேக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது, நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் ஓனர் பெயர் ஒப்பந்தத்தில் லாலி என்று இருந்தது. நீங்கள் பிரான்ஸ்காரரா என்று கேட்டுவிட்டேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிரான்ஸுக்குப் போனது எங்கள் ஆட்களில் ஒரு கிளை. நாங்கள் போகாதவர்கள்" என்றார். அப்புறம் நான் வந்தவாசி என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது!

அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐரிஷ் மொழியில் இந்தப் பெயர் ஓ மீலாலி. முன்னால் இருக்கும் 'ஓ' வழித்தோன்றல் என்பதைக் காட்டும். ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டதில் ஐரிஷ்காரர்கள் ரொம்ப முன்னோடிகள். 916இலேயே, இதே கால்வே பகுதியில் இறந்த ஓ கிளேரி வம்சத் தலைவர் ஒருவரின் பெயர் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. லாலிகள் லாக்ரே ஊரைச் சுற்றிய மேன்மாய் என்ற நாட்டில், ஓ நாட்டன்களோடு சேர்ந்து தலைமை செய்தவர்கள். 13ஆம் நூற்றாண்டில் நார்மன் வம்சமான பர்க்குகள் அந்தப் பக்கத்தை வளைத்துக்கொண்டதும் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. வடக்கே டூவம் நகருக்குப் பக்கத்தில் டல்லினடாலி என்ற இடத்தில் குடியேறினார்கள். முதல் இடப்பெயர்ச்சி அது. கடல் தாண்டவில்லை, ஒரே மாவட்டத்துக்குள்தான். ஆனால் தலைவர் குடும்பம், பர்க்குகளுக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் குடும்பமாக இறங்கிவிட்டது.

அங்கேயும் சும்மா இருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் டூவத்துக்கு இந்தக் குடும்பப் பெயரில் இரண்டு பேராயர்கள். ஒருவர் பழைய கத்தோலிக்கத் திருச்சபையில், இன்னொருவர் அரசி எலிசபெத்தின் சபையில். காற்றடிக்கும் பக்கம் தெரிந்த குடும்பம் என்று ஓனரே கிண்டல் செய்கிறார்.

ஆனால் நூறு வருஷம் கழித்துக் காற்றை சரியாகப் பார்க்கவில்லை. இங்கிலாந்து அரியணைக்காக ஜேம்ஸ் மன்னருக்கும் வில்லியமுக்கும் நடந்த சண்டையில் ஜேம்ஸ் பக்கம் நின்றார்கள். 1689இல் டப்ளினில் ஜேம்ஸ் கூட்டிய பாராளுமன்றத்தில் டூவத்தின் உறுப்பினர்களில் ஒருவர் ஜேம்ஸ் லாலி. 1691 ஜூலையில் ஆக்ரிம் சண்டையில் எல்லாம் முடிந்தது. அந்த அக்டோபரில் லிமரிக்கில் உடன்படிக்கை, சுமார் 14,000 வீரர்கள் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார்கள். 'காட்டு வாத்துகள்' என்று இன்றைக்கும் இங்கே அவர்களைச் சொல்கிறார்கள். அந்தப் போரோடு பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தவர்தான் ஜெரார்டு லாலி, பிரான்ஸுக்கு வேலை பார்த்த டில்லன் என்ற ஐரிஷ் படைப்பிரிவில் அதிகாரி. அவருடைய மகன் தாமஸ் ஆர்தர் 1702இல் ரோமான் என்ற பிரெஞ்சு ஊரில் பிறந்தார். நம் பாடப் புத்தகத்து லாலி இவர்தான். லாலி டோலண்டால் என்ற அவர் பட்டப்பெயரில் வரும் 'டோலண்டால்' எந்தப் பிரெஞ்சு ஊரும் இல்லை, அப்பா விட்டுவிட்டு வந்த டல்லினடாலிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனர் தன் காரிலேயே டூவம் பக்கம் கூட்டிப்போனார். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கல்லடுக்கிய வேலி, ஈரப் புல், எங்களை முறைத்த மாடுகள். பெயரோடு ஒட்டிக்கொண்டு பாண்டிச்சேரி வரைக்கும் வந்த இடம் அவ்வளவுதான்.

உங்களில் யாருக்காவது இந்தப் பெயர் எதிர்ப்பட்டிருக்கிறதா? எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை

அக்கா, எங்களுக்கு தினமும் எதிர்ப்படுகிறது. புதுச்சேரியில் லாலி டோலண்டால் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது, நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து. சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலை. டூப்ளே சிலையைக் காட்டினால் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், இந்தத் தகட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு வயதான ஐரிஷ் தம்பதி மட்டும் நின்று, அந்த அம்மா தகட்டைத் தொட்டுப் பார்த்து, "எங்கள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்" என்றார். எனக்கு அப்போது கதை தெரியாது. தலையாட்டி வைத்தேன்.

தெருவுக்கு அவர் பெயரை வைத்ததே எனக்கு ஆச்சரியம். 1758 ஏப்ரலில் வந்து இறங்கினார், ஜூன் ஆரம்பத்தில் ஆங்கிலேயர்களின் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அதற்குப் பதிலடியாக, 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர்கள் எங்கள் ஊரை ஒரு சுவர் விடாமல் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்றைக்கு வெள்ளையர் நகரம் என்று காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு கட்டியது. முற்றுகையின்போது உள்ளே பட்டினி, சோறில்லை என்று ஊர்மக்களையே வெளியே துரத்திய கதையும் உண்டு.

கீழ்வேளூர் சுப்பு

நிலம் இழந்த குடும்பம், நாடு இழந்த மகன் என்று உருகிக்கொண்டே போகிறீர்கள். கொஞ்சம் எங்கள் பக்கமும் வாருங்கள்.

செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த கையோடு கையில் காசில்லை. தஞ்சாவூர் ராஜா எப்போதோ எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வசூலுக்குப் புறப்பட்டார் உங்கள் லாலி. நாகூரில் சூறை. எங்கள் கீழ்வேளூர் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார்கள், ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. கோயிலைச் சுற்றி நின்ற பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சையை முற்றுகையிட்டு, வெடிமருந்தும் சோறும் தீர்ந்துபோய், ஆகஸ்டில் ஓடி வந்தார்கள். பாண்டிச்சேரியிலும் சாதி பார்க்காமல் எல்லோரையும் பிடித்துப் பாரம் இழுக்க வைத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். சமத்துவம் எல்லாம் இல்லை, வண்டி மாடு கிடைக்கவில்லை.

அப்பாவின் நிலத்தைப் பறித்தவன் மேல் இருந்த கோபத்தை எங்கள் ஊரில் வந்து ஏன் காட்ட வேண்டும்?

வந்தவாசிக்காரி

சுப்பு அண்ணா, நியாயம்தான். அவரை நல்லவர் ஆக்குவதற்காக நான் எழுதவில்லை. ஓனரிடம் கீழ்வேளூர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை இங்கே யாரும் சொல்லித் தரவில்லை. தலையை வெட்டியதை மட்டும் சொல்வார்கள்" என்றார்.

அதையும் சொல்லிவிடுகிறேன். பாண்டிச்சேரியை இழந்ததற்குப் பாரிஸில் துரோக வழக்கு. 1766 மே 9 அன்று வாயில் துணியோ கட்டையோ அடைத்து, பேசவிடாமல் கூட்டிப்போய்த் தலையை வெட்டினார்கள். மகன் வழக்கை விடவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் அவருக்காக எழுதினார். 1778இல் அந்தத் தீர்ப்பை மன்னரின் சபை ரத்து செய்தது. வால்டேர் சாவதற்குச் சில நாள் முன்பு இந்தச் செய்தி அவருக்கு எட்டியது.

ரிடையர்டு வாத்தியார்

நான் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தக் கதையில் ஒருவரை எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள். அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர்தான், லிமரிக் மாவட்டம், 1726.

ஆனால் அது வேறு அயர்லாந்து. கூட் குடும்பம் 1600 வாக்கில் ஆங்கிலப் படையோடு வந்து, நிலம் பெற்று உட்கார்ந்த குடும்பம். குரோம்வெல் காலத்தில் கால்வே நகரை ஒன்பது மாதம் முற்றுகையிட்டு, 1652இல் பணிய வைத்தவர் சார்லஸ் கூட். அதே கூட் வம்சத்தில் வந்தவர்தான் அயர் கூட். கால்வேக்கு வெளியே டேரா போட்ட வம்சத்துப் பிள்ளையும், கால்வேயை விட்டு ஓடிய வம்சத்துப் பிள்ளையும் நூற்றியெட்டு வருஷம் கழித்து வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே பீரங்கியோடு நிற்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பின்பெஞ்சுப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று. பிரான்ஸுக்கு வேலை பார்த்த ஐரிஷ் பட்டாளங்கள் சிவப்புச் சட்டைதான் போட்டன, தாங்கள் இன்னும் ஜேம்ஸ் மன்னரின் படை என்ற வீம்பில். 1745இல் ஃபோன்டினாய் போரில் ஆங்கிலேயர்களைப் புரட்டி எடுத்ததும் இந்தச் சிவப்புச் சட்டைகள்தான், அதில் லாலியின் படைப்பிரிவும் இருந்தது. அவரோடு சென்னை முற்றுகைக்கு, 1758 டிசம்பரில், வந்ததும் அதே படைப்பிரிவு. ஜார்ஜ் கோட்டைச் சுவரில் நின்றவனுக்கு யார் எந்தப் பக்கம் என்று தலை சுற்றியிருக்கும்.

காந்திபுரம் பஸ்

வாத்தியாரே, எங்கள் கோயம்புத்தூர் லாலி ரோடும் இவர் பெயரா?

ரிடையர்டு வாத்தியார்

இல்லை தம்பி. அது ஆர்தர் லாலி, 1906 முதல் 1911 வரை சென்னை கவர்னர். எழுத்து வேறு, ஆள் வேறு, ஆங்கிலேயக் குடும்பம். தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். பஸ் போர்டைப் பார்த்து வம்சாவளி போடக் கூடாது.

மாசசூசெட்ஸ் மாமா

எனக்கு இந்தப் பெயர் எதிர்ப்பட்டது வீட்டு நிலவறையில். வீடு வாங்கும்போது சோதனைக்கு வந்தவர் டார்ச்சை அடித்து, "லாலி காலம் (column) நல்லா இருக்கு, இந்த ஒன்று மட்டும் அடியில் துரு" என்றார். நான் ஏதோ கட்டட வேலைச் சொல் என்று விட்டுவிட்டேன். இரும்புக் குழாய்க்குள் கான்கிரீட் நிரப்பிய தூண் அது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் நடு உத்தரத்தை நிலவறையிலிருந்து தாங்குவது அதுதான். தட்டிப் பார்த்தால் வெறும் குழாய் போலக் கணீரென்று கேட்காது, மொத்தென்று கேட்கும். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இதே மாநிலத்தில் அதைச் செய்து விற்றவர் ஜான் லாலி. டல்லினடாலியோடு அவருக்கு என்ன உறவு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1845க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேல் ஆட்கள் கப்பலேறி, பாஸ்டன் பக்கம் கொட்டிய கூட்டத்தில் கால்வேக்காரர்கள் நிறைய. தளபதி லாலிகளைவிட மேஸ்திரி லாலிகள்தான் உலகத்தில் அதிகம் இருப்பார்கள்.

துருப்பிடித்ததை மாற்ற ஆன செலவைக் கேட்காதீர்கள்.

வந்தவாசிக்காரி

மாமா, சூப்பர். ஓனருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், ரொம்ப நேரம் சிரித்தார்.

பெயரைத் தேட நினைக்கிறவர்களுக்காக இதையும் சேர்க்கிறேன். லாலி என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். அதே ஐரிஷ் பெயர் ஆங்கிலத்தில் மல்லாலி என்றும் ஆனது. ஃபோர்டு கம்பெனியை 2006 முதல் 2014 வரை நடத்திய ஆலன் முலாலியின் குடும்பப் பெயரும் அதன் இன்னொரு வடிவம்தான். ஆங்கிலேய ஆட்சியில் 'ஓ'வை விட்டவர்கள் எக்கச்சக்கம். 1893க்குப் பிறகு ஐரிஷ் மொழி இயக்கம் வந்ததும் சில குடும்பங்கள் திரும்ப ஒட்டிக்கொண்டன. லாலிகள் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளவில்லை.

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகள் கிட்டத்தட்ட மொத்தமும் போய்விட்டன. சிலவற்றை அரசே அழித்தது, மிச்சம் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போனது. அதனால் 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டைத்தான் எல்லோரும் பிடித்துத் தொங்குகிறார்கள். அதில் குடும்பத் தலைவர் பெயர், யாருடைய நிலம், எவ்வளவு என்று மட்டும் இருக்கும்.

ஓனரோடு உட்கார்ந்து அவர் கொள்ளுத்தாத்தாவின் 1911 தாளைத் திறந்தோம். தாத்தாவுக்கு ஐரிஷும் ஆங்கிலமும், படிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறது. மனைவி பெயருக்கு நேரே, பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு எத்தனை என்று இரண்டு கட்டம். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லை. ஓனர் அந்த வரியில் விரலை வைத்தபடி, மூத்த பையன் அப்போதே மான்செஸ்டரில் இருந்தான், அதனால் தாளில் இல்லை என்றார். அடுத்த வாரம் மான்செஸ்டர் பக்கத்துக் கணக்கெடுப்பைத் தேடப் போகிறோம். அந்தப் பக்கம் இருக்கும் தமிழர்கள் யாருக்காவது நூலகத்தில் பழைய தெரு டைரக்டரி பார்க்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.