‘எழுந்திரு’ன்னு மணிக்கொரு தடவை அதிர்ற ஆப்: யாருக்காவது உருப்படியா வேலை செஞ்சிருக்கா?

நாற்காலிவாசி:
ஓஎம்ஆர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, வயசு 34. செக்கப்புல எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை அளவு) 6.1 வந்திருக்கு. “இன்னும் சர்க்கரை இல்ல, ஆனா வாசல்ல நிக்குது. உட்கார்ற நேரத்தைக் குறைங்க”ன்னார் டாக்டர். அன்னைக்கே ஒரு ஆப் போட்டேன். 50 நிமிஷத்துக்கு ஒருதடவை போன் அதிரும். முதல் வாரம் ராணுவக்காரன் மாதிரி டக்குன்னு எழுந்தேன். ரெண்டாவது வாரம் க்ளையன்ட் கால்ல இருக்கும்போது அதிர்ந்துச்சு, தள்ளிவிட்டேன். இப்போ மூணாவது வாரம், திரையைப் பாக்காமலே கட்டைவிரல் அதுவா தள்ளுது. நேத்து 9 தடவை அதிர்ந்திருக்கு, 9ம் தள்ளியாச்சு. இதெல்லாம் சும்மா கண்துடைப்புங்கிற முடிவுக்கு வந்துட்டேன். இல்லைங்கிறவங்க வாங்க.

மடிப்பாக்கம்மைந்தன்:
வந்துட்டேன் தல. அலாரம் வச்சும் எழுந்திருக்கலன்னா கடிகாரத்தையா திட்டுவ? 1953லயே லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல மோரிஸ்ங்கிற டாக்டரோட குழு எழுதின ஆய்வு வந்துருச்சு: லண்டன் மாடி பஸ்ல நாள் பூரா படியேறி இறங்கின கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டின டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். உன் கேஸுக்கு நேராவே ஒண்ணு இருக்கு. 2012ல மெல்போர்ன் பேக்கர் இன்ஸ்டிட்யூட்காரங்க, சர்க்கரைக் கரைசல் குடிக்க வச்சு மணிக்கணக்கா உட்கார வச்சுப் பார்த்தாங்க. 20 நிமிஷத்துக்கு ஒருதடவை 2 நிமிஷம் மெல்ல நடந்தப்போ ரத்தத்துல குளுக்கோஸ் ஏத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைஞ்சது. ரெண்டே நிமிஷம்!

தராசு:
மைந்தன், அந்த பஸ் கதையை எல்லாரும் பாதியோட நிறுத்திடுறாங்க. அதே மோரிஸ் குழு 1956ல சீருடைப் பதிவேட்டைப் புரட்டினாங்க. இளவயசுக்காரங்களை மட்டும் எடுத்தாலும் டிரைவரோட பேன்ட் இடுப்பளவு கண்டக்டரைவிடப் பெருசு. உட்கார்ந்ததால தொப்பையா, தொப்பை இருந்ததால டிரைவரா? தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்டுத் தையல் அளவைப் போய்ப் பார்த்தாங்க பாருங்க, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரி, விஷயத்துக்கு வர்றேன். மெல்போர்ன்ல இருந்தவங்க 19 பேர். ஆய்வுக்கூடத்துல எழுந்திருன்னா எழுந்திருக்க வேண்டியதுதான், அங்க ஸ்பிரின்ட் டெட்லைனா இருக்கு?

நிஜ ஆபீஸ் வேணும்னா 2022ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வைப் பாருங்க. இங்கிலாந்து கவுன்சில் (உள்ளாட்சி) ஊழியர்கள். பயிற்சி, நினைவூட்டல், பிரிண்டரைத் தள்ளி வைக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு அப்புறம் உட்கார்ற நேரம் ஒரு நாளைக்குச் சுமார் 22 நிமிஷம் குறைஞ்சிருக்கு. அதோட, நின்னும் வேலை பாக்கறமாதிரி உயரம் மாத்துற மேஜையும் கொடுத்தவங்களுக்கு 64 நிமிஷம். மேஜைதான் வேலை செய்யுது.

மடிப்பாக்கம்மைந்தன்:
மேஜையை எவன் வாங்கித் தருவான்? இங்க ஒடிஞ்ச சேரை மாத்தவே மூணு கம்ப்ளைன்ட் டிக்கெட் போடணும். ஆப் இலவசம். நாளைக்கு 22 நிமிஷம் உங்களுக்குக் கேவலமா?

தராசு:
கேவலம்னு சொல்லல. அந்த 22ல ஆப்போட பங்கு எவ்வளவுன்னுதான் கேக்குறேன். இன்னொண்ணு, போன் சார்ஜர்ல கிடக்குது, நாம கேன்டீன்ல நிக்குறோம். நாம உட்கார்ந்திருக்கோமா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? இதை ஒழுங்கா அளக்கத்தான் ஆராய்ச்சிக்காரங்க தொடையில கருவியை ஒட்டுறாங்க.

ஹெட்செட்_அக்கா:
தம்பிங்களா, நீங்க ரெண்டு பேரும் எழுந்திருக்கிறது நம்ம இஷ்டம்னே வச்சுப் பேசுறீங்க. நான் கால் சென்டர்ல எட்டு வருஷம். சீட்டை விட்டு எழுந்தா ஆக்ஸ் போடணும், அதாவது கால் எடுக்கலன்னு சிஸ்டத்துல காரணத்தோட பதியணும். ஆக்ஸ் போட்டா நேரம் ஓடும், கூடிப்போச்சுன்னா அட்ஹியரன்ஸ் (நேர அட்டவணைப்படி இருந்தோமாங்கிற மதிப்பெண்) அடிபடும், மாசக் கடைசியில இன்சென்டிவ் போயிடும். போன வருஷம் எங்க ஹெச்ஆர் ஸ்டெப் சேலஞ்சுன்னு ஒரு ஆப்பை எல்லார் போன்லயும் போட வச்சாங்க. அது அதிர்ந்துச்சுன்னு ஒருநாள் எழுந்தேன். ஹெட்செட் வயர் இழுத்து கீபோர்டு கீழ விழுந்துச்சு. டீம் லீட் ஓடி வந்து, “அக்கா, க்யூல 14 கால் நிக்குது”ன்னான். அவன் மேல தப்பில்ல, அவனுக்கும் மேல ஆள் இருக்கு.

மடிப்பாக்கம்மைந்தன்:
அக்கா, நீங்க சொல்றது நியாயம். ஆனா நாற்காலிவாசி டெஸ்டிங்ல இருக்காரு, அவரை யாரும் ஆக்ஸ் போடச் சொல்லல. அவர் எழுந்திருக்காததுக்கு அவர்தான் பொறுப்பு.

தி_நகர்_பழைய_ஆள்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். துணிக்கடையில 11 வருஷம் நின்ன காலு இது. கூட்டம் இல்லாத நேரத்துலயும் ரேக் மேல சாயக்கூடாது. நரம்பு சுருட்டிக்கிட்டு ரெண்டு கால்லயும் பச்சைப் பச்சையா நிக்குது. 2021ல தமிழ்நாட்டுல சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு போட்டாங்க. நாங்க உட்கார சட்டம் வேண்டியிருந்துச்சு, உங்களுக்கு எழுந்திருக்க ஆப் வேண்டியிருக்கு! சிரிப்புதான் வருது. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த மேஜையை வாங்கிட்டு நாள் பூரா நின்னுடாதீங்க. நிக்கிறது வேற, நடக்கிறது வேற.

தராசு:
அண்ணன் சொன்னதை ஒத்துக்கிறேன். மேஜை பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே ஏத்திப் பேசிட்டேன். உட்கார்ற நேரம் குறைஞ்சதுன்னு ஆய்வு சொல்லுது, அந்த நேரத்துல பெரும்பாலும் நின்னாங்களா நடந்தாங்களாங்கிறது வேற கேள்விதான்.

நாற்காலிவாசி:
மைந்தன் திட்டினது உறைச்சுது. இன்னைக்கு ஒண்ணு செஞ்சு பார்த்தேன். ஒரு லிட்டர் பாட்டிலை வீட்டுலயே வச்சுட்டு, சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்துட்டுப் போனேன். தண்ணி மெஷின் தளத்தோட அந்தக் கோடியில இருக்கு. தாகம் எடுத்தா தள்ளிவிட முடியல, ஏழு தடவை போயிட்டு வந்தேன். ஆப் அதிர்ந்ததை எண்ணவே இல்ல. அக்கா, உங்களுக்கும் இது சரிப்படுமா?

ஹெட்செட்_அக்கா:
தண்ணி பிடிக்க எந்த ஆக்ஸ் போடுறது தம்பி? எங்களுக்கு ‘பர்சனல்’னு ஒண்ணுதான் இருக்கு. ஷிஃப்டுக்கு 10 நிமிஷம், அதுலதான் பாத்ரூமும்.